கால் மிதிக்கிற ஓவியம்

2023 தை மாதம். இரண்டு கிழமையாகப் பெய்த மழை விட்ட ஒரு காலை. மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரையோரப் பூங்காவின் ஆடுகளத்தில் குந்தியிருந்து, தரையில் கிளம்பி நின்ற பெயின்டை நகத்தால் தூக்கினேன். அப்பளம் போல ஒரு முழத்துக்குக் கழன்று வந்தது. ஐந்து மாதத்துக்கு முன் என் மாணவர்கள் முழங்கால் தேயப் பூசிய நீலம் அது. திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் மா தடவியது போல வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் நின்ற மேசன் அண்ணன் அந்த வெள்ளையை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார்.

"உப்பு ரீச்சர்," என்றார். "கீழ இருந்து ஏறியிருக்கு. மேல எத்தினை கை பூசினாலும் நிக்காது."

நான் சித்திர ஆசிரியை. பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடச் சுவர்களில் வரைந்து வருகிறேன். சுவரில் வரையத் தெரிந்தால் தரையிலும் வரையலாம் என்றுதான் இறங்கினேன். சுவர் வேறு, தரை வேறு. சுவரை மக்கள் பார்ப்பார்கள். தரையில் ஓடுவார்கள், விழுவார்கள், வியர்வை சிந்துவார்கள், மழை தேங்கும், மாடு படுக்கும். வாகரையில் இருந்து பொத்துவில் வரைக்கும் கடற்கரையோரங்களில் சும்மா கிடக்கிற கொங்கிறீட் தளங்களைப் பார்த்துவிட்டு, "எங்கட ஊரிலயும் இப்படிச் செய்யலாமா?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் பலர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். செய்யலாம், கட்டாயம் செய்யுங்கள். நாங்கள் பட்டதைப் படாமல் செய்யுங்கள்.

முதல் தடவை பூசியது 2022 ஆவணியில். எரிபொருள் வரிசைகள் ஓயாத காலம். பள்ளிக்கூடம் பாதி நாள் இல்லை. பிள்ளைகள் பின்னேரங்களில் கடற்கரைக்கு நடந்து வந்து சும்மா நிற்பார்கள். பூங்காவின் மூலையில் 32 மீற்றர் நீளமும் 19 மீற்றர் அகலமுமான கொங்கிறீட் தளம் ஒன்று, இரண்டு பக்கமும் துருப்பிடித்த கம்பத்தோடு கிடந்தது. கோடுகள் எல்லாம் அழிந்துவிட்டன. நாலைந்து பெரிய பையன்கள் வந்து கூடைக்குள் பந்து போடுவார்கள், அவ்வளவுதான். பெண் பிள்ளைகள் ஓரத்துக் கட்டின்மேல் இருந்து கச்சான் கொறித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் என் வகுப்புப் பிள்ளைகள் கைபேசியில் சில படங்களைக் காட்டினார்கள். பாரிஸ் நகரத்தின் பிகால் பகுதியில் அடுக்குமாடிகளுக்கு இடையே செருகி வைத்தது போல இருக்கிற டியூப்பெரே தெருக் கூடைப்பந்துக் களம். ஹொங்கொங்கில் சொய் ஹங் குடியிருப்பின் வாகனத் தரிப்பிடக் கூரைமேல் இருக்கிற களம். சொய் ஹங் என்றால் வானவில் என்று பொருளாம், களமும் அப்படியே இருந்தது. "ரீச்சர், இஞ்சயும் செய்வமா?" என்றார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காசு இல்லை. பெயின்ட் விலை ஏறி நின்ற நேரம். வீடு கட்டி மிஞ்சிய எனமல் பெயின்டை ஆளுக்கொரு தகரமாகத் தந்தார்கள். நல்ல மனதோடு தந்தது. அதைத்தான் பூசினோம். பூசிய கிழமை களம் கண்ணைப் பறித்தது. கார்த்திகை மழையில் அதே பளபளப்பில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வழுக்கி விழுந்தான். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. அவன் ஆறு கிழமை கையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வகுப்பில் இருந்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. தாய் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எனமல் ஏன் கூடாது என்பதைப் பிறகுதான் படித்து விளங்கிக்கொண்டேன். சீமெந்துக்குள் காரம் இருக்கிறது. ஈரம் கீழிருந்து ஏறும்போது அந்தக் காரத்தையும் மேலே கொண்டு வருகிறது. எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பெயின்ட் காரத்தோடு சேர்ந்தால் சவர்க்காரமாக மாறும். உவமைக்குச் சொல்லவில்லை, சவர்க்காரம் காய்ச்சும்போது நடக்கிற அதே மாற்றம்தான். பிடிமானம் போய்விடும். உப்பும் சேர்ந்து ஏறி, தோலுக்குக் கீழே பளிங்காகத் திரண்டு, பெயின்டை மேலே தள்ளும். கடற்கரையில் இரண்டும் ஒன்றாக நடக்கிறது. அதற்கு மேல், எனமல் காய்ந்தால் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். தண்ணீர் பட்டால் கால் நிற்காது.

ஆகவே இரண்டாம் தடவை, பெயின்ட் தகரத்தைத் திறப்பதற்கு முன் ஒன்றரை மாதம் தரையோடு மட்டுமே வேலை செய்தோம். இந்தப் பகுதியை யாரும் படம் எடுக்க மாட்டார்கள், ஆனால் முழு வேலையும் இதில்தான் தங்கியிருக்கிறது.

பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டி, மீதியை அரைக்கல் மெசினால் தேய்த்து எடுத்தோம். அமிலம் ஊற்றிக் கழுவலாம் என்றும் சிலர் சொன்னார்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு திரிகிற இடம், அமிலம் கொஞ்சம் தங்கினாலும் பூச்சுக்கும் கேடு என்று விட்டுவிட்டோம். பிறகு நல்ல தண்ணீரால் தும்புத்தடி போட்டுக் கழுவினோம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் காய்ந்த பிறகு வெள்ளை பூக்கிறதா என்று பார்ப்போம். நாலாவது தடவைக்குப் பிறகுதான் பூப்பது நின்றது. ஐந்தாவது மனத்திருப்திக்கு.

அடுத்தது ஈரச் சோதனை. ஒன்றரை அடிச் சதுரமாகக் கண்ணாடி போன்ற பொலித்தீனை வெட்டி, நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, ஒரு இரவு முழுக்க விட வேண்டும். காலையில் அடியில் நீர்த்துளி நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ பூசக் கூடாது. நாங்கள் எட்டு இடத்தில் ஒட்டினோம். வீதிப் பக்கம் நாலும் காய்ந்திருந்தன. கடற்பக்கம் மூன்றில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. காரணம் தேடினால், பூங்காவில் மழைத் தண்ணீர் ஓட வழியில்லாமல் தளத்தின் அந்த ஓரத்தில் தேங்கி ஊறிக்கொண்டிருந்தது. மேசன் அண்ணன் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிச் சல்லி போட்டார். அதற்குப் பிறகும் மூன்று கிழமை காத்திருந்தோம். புதுத் தளம் போடுகிறவர்கள் ஆகக் குறைந்தது 28 நாள் காயவிட்டு, அதற்குப் பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கடற்கரையில் புதுத் தளமே போடுவதானால் இன்னொன்றும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரைக்கும் செல்லும். அனுமதி எடுக்காமல் கொங்கிறீட் ஊற்றப் போகாதீர்கள். இருக்கிற தளத்தில் பூசுவதற்கும் உள்ளூராட்சி சபையிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டோம். வாய்ச் சம்மதம் ஆள் மாறினால் மாறிவிடும்.

மேடு பள்ளம் பார்க்கிறதற்கு ஒரு சுலபமான வழி. தளம் முழுக்கத் தண்ணீர் அடித்து, வெயிலில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். எங்காவது தேங்கி நின்றால் அதில் ஒரு நாணயத்தைப் படுக்க வையுங்கள். நாணயம் மூழ்கினால் அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் வேண்டும். எங்கள் தளத்தில் ஏழு பள்ளம். சோக்கால் வட்டமிட்டு ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் பேர் வைத்தார்கள், நாவலடிக் குளம், பாலமீன்மடுக் குளம் என்று.

இந்த நாட்களில்தான் படத்தைப் பற்றியும் பேசினோம். முதல் தடவை வரைந்தது என் விருப்பத்துக்கு வரைந்தது. இரண்டாவது தடவை, கடதாசியில் வரைந்து பூங்கா வாசலில் நாலு பின்னேரம் தொங்கவிட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கட்டும் என்று. நான் வரைந்திருந்தது ஒரு பெரிய அலை. கடற்பக்க மூலையில் எழும்பி, களம் முழுக்கக் குறுக்கே பாய்ந்து, மற்ற மூலையில் நுரைத்து விழுகிற அலை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு பெரியம்மா வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. தினமும் நடக்க வருகிறவ. நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்தா.

"வடிவாத்தான் இருக்கு மகள். அந்த அலையை மட்டும் இஞ்ச போட வேணாம்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 2004 மார்கழி 26 காலைச் சுனாமியில் இந்த மண்ணில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நாவலடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் அன்று சரிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று பிள்ளை பெற்றவர்கள். தெரிந்திருந்தும் கடற்பக்கத்தில் இருந்து ஊர்ப்பக்கமாகப் பாய்கிற அலையை நான் வரைந்திருக்கிறேன். அந்தப் படத்தை அன்று இரவே சுருட்டி வைத்தேன். படத்தை வாசலில் தொங்கவிட வேண்டும் என்று நான் யாருக்கும் முதலில் சொல்கிற காரணம் இதுதான். ஒரு சுவரில் பிடிக்காததை வரைந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். பூங்காவின் நடுவில் அறுநூறு சதுர மீற்றரில் விரித்து வைத்ததை எப்படிப் பார்க்காமல் போவது?

மீன்மகளை வரையச் சொன்னவர்கள் பலர். மட்டக்களப்பின் அடையாளம் அல்லவா. அதையும் பேசிப் பார்த்தோம். ஒரு பெண்ணின் முகத்திலும் நெஞ்சிலும் பையன்கள் சப்பாத்தோடு மிதித்து ஆடுவதா என்று என் மாணவிதான் கேட்டாள். நியாயமான கேள்வி. அதில் இருந்து ஒரு விதியே செய்துகொண்டோம்: கால் மிதிக்கக் கூசுகிற எதுவும் தரையில் வேண்டாம். முகம் வேண்டாம், தெய்வம் வேண்டாம், கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ வேண்டாம், கொடி வேண்டாம். எழுத்தும் வேண்டாம். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றி வளர்ந்தவர்கள் நாங்கள், தமிழ் எழுத்தில் எப்படிக் குதிப்பது? ஆரையம்பதியில் இருந்தும் காத்தான்குடியில் இருந்தும் பிள்ளைகள் வந்து ஆடுகிற இடம். எவர் மனதிலும் ஒரு முள் தைக்காத தரையாக இருக்க வேண்டும். அப்படி என்றால் எதுதான் மிச்சம் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் பொங்கலுக்குப் போடுகிற கோலம் மிச்சம். மிதிபடவென்றே போடுகிற கலை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வளைவும் புள்ளியும் நிறமும் போதும்.

சரி, எந்த வளைவு? விடை ஆட்டக் கோடுகளிலேயே இருந்தது. எங்கள் தளத்தில் கூடைப்பந்தும் வலைப்பந்தும் இரண்டும் ஆட வேண்டும். வலைப்பந்தின் கோல் அரைவட்டம் 4.9 மீற்றர் ஆரை. கூடைப்பந்தில் மூன்று புள்ளி எறிகைக்கான வளைவு வளையத்தின் நடுவில் இருந்து 6.75 மீற்றர். இரண்டையும் கடதாசியில் போட்டதும் ஒன்றுக்குள் ஒன்றாக, தண்ணீரில் கல் விழுந்தால் விரிகிற வளையங்கள் போல இருந்தன. பௌர்ணமி இரவுகளில், வாவிக்கு மேல் போகிற கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனின் ஓசையைக் கேட்பார்கள். அப்போது துடுப்பைச் சுற்றி விரிகிற அந்த வளையங்கள். அலையை விட்டு வாவிக்கு வந்துவிட்டோம். படம் கோட்டோடு சண்டை போடாமல் கோட்டில் இருந்தே பிறந்தது. பெரியம்மாவிடம் காட்டினேன். "இது எங்கட ஆறு," என்றா. வாவியை ஆறு என்றுதான் இங்கே வயதானவர்கள் சொல்வார்கள்.

கோட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மட்டக்களப்புக்குக் கூடைப்பந்து புதிதல்ல. அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் வளர்த்த விளையாட்டு. வெபர் மைதானம் அவர்களில் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பயிற்சி கொடுத்த அருட்தந்தை யூஜின் ஹேபர், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். அந்தக் காலத்தில் ஆடிய ஒரு ஐயா, இப்போது எழுபது தாண்டியவர், எங்கள் வேலையைப் பார்க்க வருவார். முதல் நாளே சொன்னார்: "பிள்ளை, எத்தினை கலரும் அடியுங்க. ஓடி வாறவன் குனிஞ்சு பாக்காமக் கோடு தெரியோணும். தெரியாட்டி அது விளையாட்டுத் திடல் இல்ல." இதே விஷயத்தைத்தான், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் டான் பீற்றர்சன் தொடங்கிய புரொஜெக்ட் பாக்போர்ட் பற்றி வாசித்தபோதும் கண்டேன். களங்களில் ஓவியம் தீட்டுவதற்குப் பேர்போன அந்த முயற்சி, அழிந்துபோன கோடுகளைத் திரும்பப் போடுவதில் இருந்துதான் ஆரம்பமானது.

ஆகவே எங்கள் ஒழுங்கு இது. கூடைப்பந்துக் கோடு வெள்ளை. வலைப்பந்துக் கோடு மஞ்சள். இரண்டும் 5 சென்ரிமீற்றர் அகலம். படத்தில் வெள்ளையும் மஞ்சளும் எங்கேயும் வரக் கூடாது. அடுத்தடுத்த வளையங்கள் ஒரே நிறத்தின் கூடின குறைந்த சாயல்களாக இருக்க வேண்டும், அதனால் கண்ணுக்கு அவை கோடாகத் தெரியாது. இந்த ஒழுங்கை மீறி ஒரே ஒரு இடத்தில், நடுவட்டத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் போட்டேன். நாலாம் நாள் பெரிய பையன்கள் வந்து முறையிட்டார்கள். கூடைப்பந்தும் செம்மஞ்சள்தானே. தாழ்வாகத் தட்டிக்கொண்டு வரும்போது அந்த இடத்தில் பந்து தரையோடு கரைந்துபோகிறதாம். நானே நின்று பார்த்தேன், உண்மைதான். ஒரு நாள் வேலையை அழித்துப் பச்சை பூசினோம்.

நிறம் சூட்டையும் தீர்மானிக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சப்பாத்து இல்லை. நாலு நிறங்களைப் பலகை அளவுக்குத் தரையில் பூசி, மத்தியானம் ஒரு மணிக்கு வெறுங்காலோடு ஒவ்வொன்றிலும் நின்று எண்ணினேன். கடும் நீலத்தில் எட்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. மணல் நிறத்தில் முப்பது தாண்டினேன். வெளிறிய பச்சை இடையில். தனி வெள்ளை சூடேறவில்லை, ஆனால் கண் கூசியது. அதனால் கடும் நீலத்தை வெளியோரத்தில் ஒரு முழப் பட்டையாக மட்டும் வைத்து, உள்ளே எல்லாம் மணலும் வாவிப் பச்சையும் இளநீலமுமாக மாற்றினோம். இந்தச் சோதனைக்கு அரை லீற்றர் பெயின்டும் ஒரு மத்தியானமும் போதும். தயவுசெய்து செய்யுங்கள்.

பூச்சைப் பொறுத்தவரை, இந்த முறை ஆடுகளத்துக்கென்றே செய்கிற, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் பூச்சு. வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய காசில் கொழும்பில் இருந்து எடுப்பித்தோம். அதில் நுண்ணிய படிக மணல் கலந்திருக்கும். அந்தச் சொரசொரப்புத்தான் மழையில் காலைப் பிடித்து வைக்கிறது. கடற்கரையிலேயே நிறைய மணல் கிடக்கிறதே, அள்ளிக் கலக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கிறது. ஐந்து தடவை கழுவிப் போக்கிய உப்பை நாங்களே வாளிக்குள் போட்டதாகிவிடும். அடிப்பூச்சு, அதன்மேல் இரண்டு கை நிறம் என்று 20 லீற்றர் வாளி பதினொன்று போனது. சொரசொரப்பான கொங்கிறீட் சுவரைவிட அதிகம் குடிக்கும். சுவர்க் கணக்குப் போட்டு வாங்கினால் பாதியில் நிற்பீர்கள்.

அளவெடுப்பு மேசன் அண்ணனுடைய இராச்சியம். மூலைமட்டம் பார்க்க மூன்று, நாலு, ஐந்து. ஒரு பக்கம் மூன்று மீற்றர், மறுபக்கம் நாலு, குறுக்கே சரியாக ஐந்து வந்தால் மூலை நேர். 28க்கு 15 என்கிற கூடைப்பந்துக் களத்தில் இரண்டு மூலைவிட்டமும் 31.76 மீற்றர் வர வேண்டும். எங்களுக்கு முதல் தடவை ஒரு சாண் வித்தியாசம் வந்தது. திரும்பவும் முதலில் இருந்து. வளையங்கள் போட நடுவில் ஆணி அறைந்து நைலோன் கயிறு கட்டினோம். சுற்றி வந்து முடிக்கும்போது ஆரம்பித்த இடத்தில் இருந்து நாலு விரல் தள்ளி நின்றது. கயிறு இழுபட்டிருக்கிறது. கட்டுக்கம்பிக்கு மாறியதும் சரியாக வந்து முட்டியது. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சோக்கால் இலக்கம் எழுதி, அதே இலக்கத்தை வாளியிலும் எழுதிவிட்டால், எட்டு வயதுப் பிள்ளையும் பிழையில்லாமல் பூசும்.

கோடு கூராக விழ ஒரு நுட்பம். டேப் ஒட்டியதும் நேராக வெள்ளையைப் பூசாதீர்கள். முதலில் டேப்பின் ஓரத்தில், ஏற்கெனவே தரையில் இருக்கிற நிறத்தையே மெல்லியதாக ஒரு கை பூசுங்கள். டேப்புக்குக் கீழ் கசிவது அந்த நிறமாக இருக்கும், யாருக்கும் தெரியாது. அது காய்ந்த பிறகு வெள்ளை. முழுக்கக் காய முன்னமே டேப்பை உரித்துவிடுங்கள். அந்த உரிக்கிற வேலைக்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். நீளமாகச் சுருண்டு வர வர, கீழே கத்தியால் வெட்டியது போலக் கோடு தெரியும். ஐயா அன்று முழுக்கக் கோட்டோரத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

நேரத்தைப் பிடிப்பதுதான் கடற்கரையில் சிரமம். நாங்கள் பூசியது வைகாசியில். விடியப்புறம் தரையில் பனி ஈரம் இருக்கும், பூசக் கூடாது. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தரை சுட்டு, தென்மேற்குக் கச்சான் காற்றும் வறட்டினால் ரோலர் போன தடம் தடமாகக் காய்ந்துவிடும். மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று மணலைக் கொண்டு வந்து ஈரப் பூச்சில் தூவும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு, காற்று அடங்கினால் மட்டும் ஒரு மணித்தியாலம். ஒரு நாளைக்கு மூன்று, மூன்றரை மணித்தியாலம்தான் உண்மையில் கிடைத்தது. பதினாறு நாள் எடுத்தது. மாரி தொடங்க முன் குறைந்தது மூன்று மாதமாவது பூச்சு வெயில் காய வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் மாதத்தைத் தெரிவு செய்தோம். மாடுகளுக்குக் காவல் இரண்டு பையன்கள். இருந்தும் ஒரு கன்று ஒரு இரவு இளநீலத்தில் நடந்துவிட்டது. அந்தக் குளம்படிகளில் இரண்டை அப்படியே விட்டுவிடச் சொல்லிச் சின்னப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். கடற்பக்க மூலையில் இன்றும் இருக்கிறது.

ரோலர் கழுவிய தண்ணீரை மணலில் ஊற்ற வேண்டாம். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக்தான். அது கடலுக்கோ வாவிக்கோ போய்ச் சேரும். ஒரு பழைய பீப்பாயில் ஊற்றி அடையவிட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் சேர்த்தோம்.

மேலே இருந்து ட்ரோனில் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள், எடுத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வரைகிறவர்கள் அந்தப் படத்துக்காக வரையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆடுகிற பிள்ளையின் கண் தரையில் இருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தூரத்து வளையங்கள் நசுங்கித் தெரியும். அதனால் நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் களத்தின் நாலு மூலையிலும் முழங்காலில் நின்று பார்ப்பேன். தூர வளையங்களை இரண்டு இடத்தில் அகலமாக்கியது அப்படிப் பார்த்துத்தான்.

படம் எடுக்க வருகிறவர்களால் இன்னொரு சிக்கலும் வந்தது. ஞாயிறு பின்னேரம் கலியாண சோடிகள் வந்து நடுவட்டத்தில் நிற்பார்கள். பிள்ளைகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் காத்திருப்பார்கள். சொய் ஹங்கிலும் இதே பிரச்சினை இருப்பதாக வாசித்திருக்கிறேன். பேசி ஒரு பலகை வைத்தோம்: காலை ஒன்பது வரையும் பின்னேரம் நாலில் இருந்து இருட்டும் வரையும் விளையாட்டுக்கு. படம் எடுக்கிறவர்கள் இடையில் வரலாம். பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள்.

நாலு மணிப் பகுதியில் செவ்வாயும் வியாழனும் வலைப்பந்து. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். கட்டின்மேல் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு பார்த்த பெண் பிள்ளைகள்தான் இப்போது உள்ளே நிற்கிறார்கள். மஞ்சள் கோடு தங்களுக்கென்று தரையிலேயே இருக்கிறபோது, "நாங்க ஆடுறம், நீங்க போங்க" என்று பெரிய பையன்கள் சொல்ல முடியாது. சண்டை வந்த முதல் நாள் ஒருத்தி குனிந்து மஞ்சள் கோட்டைத் தொட்டுக் காட்டினாள், அவ்வளவுதான், பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி 2018இல் ஆசியக் கிண்ணம் வென்றதை அவர்கள் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். வளையம் 3.05 மீற்றர் உயரம், கூடைப்பந்துக்கும் அதேதான். எங்கள் குழுவில் உயரமானவள் ஐந்தடி மூன்று அங்குலம். அவள் சரியாக 4.9 மீற்றர் வளைவின் உட்கரையில் நின்று எறிந்து பழகுகிறாள்.

பராமரிப்பையும் அந்தப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். ஆட முன்னம் தும்புத்தடியால் கூட்டுவது கட்டாயம். காற்று கொண்டு வருகிற கடல்மணல் சப்பாத்துக்குக் கீழ் அரத்தாள் போலப் பூச்சைத் தேய்க்கும், வழுக்கவும் செய்யும். மாரி முடிந்ததும் மாசியில் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவித் தேய்ந்த இடங்களுக்கு ஒரு கை பூசுகிறோம். தேய்வது எப்போதும் ஒரே இடங்கள்தான், வளையத்துக்கு நேர்கீழும் நடுவட்டமும். அதற்காக ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு லீற்றரை ஆரம்பத்திலேயே எடுத்து, மூடியில் இலக்கம் எழுதி, நிழலில் வைத்திருந்தோம். திரும்பக் கலந்தால் அதே நிறம் வராது.

போன மாசியில் நடுவட்டத்துப் பச்சை முடிந்துபோய்விட்டது. மூன்று பச்சைகளைக் கலந்து பலகையில் தடவி வைத்தேன். பெரியம்மா வழமை போல நடக்க வந்தா. பலகையைக் கையில் வாங்கி, சாயங்கால வெளிச்சத்தில் தூரப்பிடித்துப் பார்த்துவிட்டு, நடுவில் இருந்ததில் விரலை வைத்தா.

"பாலத்தடித் தண்ணி இந்த நேரம் இப்படித்தான் இருக்கும்."

அதைத்தான் பூசியிருக்கிறோம்.